கேமிங் கம்ப்யூட்டர்: அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா?

கேள்வி: கல்லூரியில் சேரப்போகும் என் மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். பாகங்களை வாங்கித் தானே அசெம்பிள் செய்தால் பணம் மிச்சம் என்கிறான். ரெடிமேடாக வாங்கிவிட்டால் தலைவலி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?

பதில்: பணம் மிச்சமாகும் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தக் கணக்கு நிலையாக நிற்பதே இல்லை. 2021-இல் கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு வந்தபோது, கார்டைத் தனியாகத் தேடியவர்கள் அலைந்து களைத்தார்கள். கார்டுக்காகவே முழு ரெடிமேட் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உண்டு. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறியது. இப்படிப்பட்ட நேரங்களில் ரெடிமேடே மலிவாக அமைந்துவிடலாம். ஆகவே மகனை ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். அதே பாகங்கள் உள்ள ரெடிமேடின் விலையை அதே நாளில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் லைசென்ஸ் விலையைப் பட்டியலில் சேர்த்திருக்கிறானா என்று கேளுங்கள்; பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அவனுக்கே ஆசையும் பொறுமையும் இருக்கிற பட்சத்தில், அசெம்பிள் செய்யவிடுங்கள் என்பேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாகமும் தெரிந்து வாங்கியதாக இருக்கும். நாலு வருஷம் கழித்து வேகம் போதவில்லை என்றால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். உதாரணத்துக்கு, ப்ராசஸர் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) 2022-இல் வந்தது. குறைந்தது 2027 வரை அதற்கு ஆதரவு தருவதாகக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. அதாவது இன்றைய மதர்போர்டிலேயே பிறகு வரும் ப்ராசஸரைப் போட வாய்ப்பு இருக்கிறது. கைவேலையில் பயம் என்றால், பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுத்து, கடையில் கூலி கொடுத்துப் பூட்டித் தரச் சொல்லலாம். அதிகம் பேர் யோசிக்காத நல்ல வழி இது.

கேள்வி: விளம்பரத்தில் நல்ல ப்ராசஸர், நல்ல கிராபிக்ஸ் கார்டு, விலையும் குறைவு. நம்பி வாங்கலாமா?

பதில்: விளம்பரத்தில் பெயர் வராத பாகங்களைக் கேளுங்கள். கைவைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி. "600 வாட்" என்ற பதில் போதாது. கம்பெனி, மாடல் இரண்டும் வேண்டும். 80 ப்ளஸ் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரைதான். மின்னழுத்தம் ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ எஸ்எம்பிஎஸ் தன்னை நிறுத்திக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்பதை அது சொல்லாது.

அடுத்து ராம். 16 ஜிபி என்றால் ஒரே 16-ஆ, இரண்டு 8-ஆ? ஒரே குச்சியாக இருந்தால் மெமரி ஒற்றை சேனலில்தான், அதாவது இரண்டுக்குப் பதில் ஒரே பாதையில்தான் ஓடும். பல கேம்களில் திணறல் தெரியும்.

கிராபிக்ஸ் கார்டின் பெயரை முழுசாகக் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 6 ஜிபி கார்டும் இருக்கிறது. வித்தியாசம் மெமரியில் மட்டும் இல்லை. 8 ஜிபி கார்டில் கணக்குப் போடும் கோர்கள் 2560, மெமரிக்குப் போகும் பாதையின் அகலம் 128 பிட். 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட் பாதை. இரண்டும் வேறு வேறு கார்டுகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சில பெரிய கம்பெனிகள் மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தங்களுக்கென்று தனி வடிவத்தில் செய்கின்றன. வாரண்டி முடிந்தபின் ஒன்று பழுதானால் வெளிச்சந்தையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் (பொது அளவு) பாகம் அதில் பொருந்தாது. இந்தக் கேள்விகளுக்கு விற்பவர் பதில் சொல்லாமல் மழுப்பினால், அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அசெம்பிள் செய்யும்போது எதையாவது உடைத்துவிடுவானோ?

பதில்: முக்கால்வாசி வேலை ஸ்குரு முடுக்குவதும் ஒயர் சொருகுவதும்தான். கவனம் வேண்டிய இடங்கள் சில. இன்றைய சாக்கெட்டுகளில் பின்கள் மதர்போர்டில் இருக்கின்றன, முடி மாதிரி மெல்லியவை. ப்ராசஸரின் மூலையில் உள்ள முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, நேராக இறக்கி வைக்க வேண்டும். நகர்த்தித் தேய்க்கக் கூடாது. ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கக் கூடாது. நாலு ராம் ஸ்லாட் இருந்தால், ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதோடு வந்த கேபிள்களை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் அந்த நொடியே கருகிவிடும். தரவும் போகும்.

அப்புறம், டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ராம் போட்ட மெஷின் முதல் தடவை ஆன் ஆகும்போது சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கலாம். மெமரியைச் சோதித்துச் சரிசெய்துகொள்கிறது. பதறி ஸ்விட்சை அணைக்க வேண்டாம். திரை வந்ததும் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யச் சொல்லுங்கள்; ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங் அது. இல்லையென்றால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும். இந்த இரண்டையும் ரெடிமேடிலும் சரிபாருங்கள்.

கேள்வி: வாரண்டி எதில் நல்லது?

பதில்: ரெடிமேடில் ஒரே வாரண்டி, எது பழுதானாலும் ஒரே இடத்தில் கேட்கலாம். அசெம்பிள் செய்தால் பாகத்துக்குப் பாகம் தனி வாரண்டி, பெரும்பாலும் கூடுதல் காலம். நல்ல எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு 10 வருஷம்கூட உண்டு. ஆனால் பழுதானது எந்தப் பாகம் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

ரெடிமேட் வாங்கினால், பிறகு கேபினெட்டைத் திறந்து ராம் சேர்த்தால் வாரண்டி போய்விடுமா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக ஆன் செய்ய வேண்டாம். வழியில் கார்டு ஆடாமல் இருக்க உள்ளே ஃபோம் வைத்து அனுப்புவது உண்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி அதை எடுத்துவிட்டு, கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.