பத்து வருஷமாக ஷெட்டில் நிற்கும் ஃபோர் வீல் ஜீப்பை வீட்டிலேயே பிரித்துக் கட்ட முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் தாத்தாவின் மகிந்திரா ஜீப்பை முதலில் தேய்த்து பெயிண்ட் அடித்துவிட்டு அப்புறம் என்ஜினைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயிண்ட் கடைசி வேலை. என்ஜின்கூட முதல் வேலை இல்லை. காகிதமும் சேசிஸும் சரி என்று தெரிந்ததும், வண்டிக்கு அடியில் படுத்து முன் ஹவுசிங்கை, அதாவது முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சுக் கூட்டைப் பாருங்கள், பிரிக்கும் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

நான் பூப்பாறைக்காரன். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வருகிறவர்களை ஜீப்கள் காலையில் கொண்டுவந்து இறக்குவதைப் பார்த்தே வளர்ந்தவன். எங்கள் வீட்டு வண்டி எம்.எம்.540, பியூஜோ வகை டீசல் என்ஜின், 2112 சி.சி. அப்பா நிறுத்தி வைத்த வண்டியை ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து, காய் எடுப்பு இல்லாத நாட்களில் மட்டும் வேலை செய்து, பதினான்கு மாதத்தில் ஓடவைத்தேன்.

ஒரு நட்டைத் தொடுவதற்கு முன் ஆர்.சி.யை எடுங்கள். சேசிஸில் கொத்தியிருக்கும் எண்ணைத் துருவைத் தேய்த்துப் படித்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. வேறு என்ஜின் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில். தமிழ்நாட்டு நம்பர் வண்டியைக் கேரளத்தில் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும். காகிதம் சரியில்லாத வண்டிக்கு உழைப்பைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது சேசிஸ். சின்னச் சுத்தியலால் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு "டங்" என்று கேட்கும், உள்ளே அரித்த இடம் "டப்" என்று அமுங்கும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில்தான் சேறு தங்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இனி முன் ஹவுசிங். இந்த வண்டியில் கியர் லிவரைத் தவிர இரண்டு லிவர் உண்டு. ஒன்று முன் சக்கரத்துக்கு இழுவை கொடுப்பது, மற்றது ஹை-லோ. லோ போட்டால் வேகம் 2.46 மடங்கு குறைந்து, அதே அளவுக்கு இழுவை கூடும். முன் லிவரைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும், வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. அதனால் ஷாஃப்டின் சுற்றைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பற்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனின் பல் கணக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும்.

இதில்தான் நான் அடிபட்டேன். எங்கள் வண்டியின் முன் கிரவுனில் பல் உடைந்திருந்தது. பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் "இதே வண்டியில் கழற்றியதுதான்" என்ற சொல்லை நம்பி ஒரு ஹவுசிங் வாங்கி மாட்டினேன். தோட்டத்துச் சேற்றில் ஒன்றும் தெரியவில்லை. தார் ரோட்டில் ஃபோர் வீலிலேயே கொஞ்ச தூரம் வந்ததும் ஸ்டீரிங் கல்லாக இறுகியது. லிவரைப் பிடித்து இழுத்தால் அசையவே இல்லை. இறங்கி, முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸில் கை வைத்தேன், வைக்க முடியாத சூடு. ஜாக்கி போட்டு ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினேன். தரையை விட்டதும் அந்தச் சக்கரம் படக்கென்று தானாகத் திரும்பி நின்றது, அதற்குப் பிறகு லிவர் லேசாகக் கழன்று வந்தது.

பின்னால் பல் விகிதம் 5.38, நான் வாங்கியது 4.88. அதாவது 8 பல் பினியனுக்குக் கிரவுனில் ஒன்றுக்கு 43 பல், மற்றதற்கு 39. நூறு மீட்டர் ஓடினால் பத்து மீட்டருக்குக் கிட்டத்தட்ட இழுபறி. சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய்ச் சேரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பிரிக்கவே வேண்டாம். ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஒரு சக்கரம் தரையில் இருக்க, மற்றதை மட்டும் தூக்குங்கள். முன் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதைப் பூட்டிக்கொள்ளுங்கள். பினியன் ஃப்ளாஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கோடு ஐந்து முழுச் சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலும் வந்தால் 5.38. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 4.88. முன்னும் பின்னும் செய்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை.

சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையாக இருக்கும் நக்கிளையும் திறந்தே ஆக வேண்டும். நான் திறந்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் சாயா நிறத்தில் தண்ணீர் வழிந்தது, சீல் போய் வருஷக்கணக்காகியிருக்கிறது. பேரிங் உருளைகளில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி. சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கை மாற்றும்போது பழைய ஷிம்களை மேல் எது, கீழ் எது என்று தனித்தனியாகக் கட்டி வையுங்கள். அந்த மெல்லிய தகடுகளில்தான் பேரிங்கின் இறுக்கம் இருக்கிறது. இறுக்கம் குறைந்தால் ஓடும்போது ஸ்டீரிங் உதறும்.

கழற்றுவது, கழுவுவது, சீல், பேரிங், பிரேக், வயரிங் எல்லாம் வீட்டில் செய்யலாம். டீசல் பம்ப் காலிபிரேஷன், கிராங்க் கிரைண்டிங், கிரவுன்-பினியன் செட்டிங் மூன்றையும் வெளியே கொடுங்கள். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். பழைய ஜீப்பில் கை வைத்த ஓர் ஆசான் இருந்தால் கிரவுன்-பினியன் செட்டிங்கை அவரிடமே கொடுத்து, கேட்கிற கூலியைக் கொடுங்கள். அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சேசிஸுக்குக் கீழே நல்ல ஸ்டாண்ட் கொடுத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் முதல் ஓட்டத்தை மண் பாதையில் வையுங்கள். ஃபோர் வீல் போட்டு ஐந்நூறு மீட்டர் நேராகப் போய் நிறுத்தி, முன் லிவரை இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு வந்துவிட்டால் பெயிண்ட் வாங்கப் போகலாம்.