அந்த உலோகம் வேறு யாருக்கு வேண்டும்? பெங்களூரு ஆய்வுக்கூட ஆட்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே உலோகத்தைப் பிடிக்கும் சேர்மங்களை, அதாவது கீலேட்டர்களை வைத்துப் புரதங்களைக் கண்டுபிடிப்பது, அவற்றுக்கு அடையாளம் ஒட்டுவது பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் ஒன்று: உங்கள் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) இடிடிஏ இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் உலோகத்தைப் பறிக்கும் ஒரு கீலேட்டர்தான். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பொம்மசந்திராவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஹிஸ்-டேக் (ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களின் வால்) உள்ள புரதம் நிக்கல் ஏற்றிய ரெசின் மணிகளில் ஒட்டவே இல்லை. ரெசின் நீலம் போய் வெள்ளையாகிவிட்டது.

நிக்கல் கழன்று போய்விட்டது. புரதம் சிதையாமல் இருக்க, கரைசலில் புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை போட்டிருப்பீர்கள், அதிலிருக்கும் இடிடிஏதான் நிக்கலைப் பறித்திருக்கும். இடிடிஏ இல்லாத வகையும் கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள். ரெசினை நன்றாகக் கழுவி, நிக்கல் சல்பேட் கரைசலை ஏற்றினால் மறுபடி நீலமாகும்.

எலக்ட்ரானிக் சிட்டி: இத்தனை ஒளிரும் சாயங்கள் இருக்கும்போது, அடையாளம் ஒட்ட யூரோப்பியம் என்ற உலோகம் எதற்கு?

நல்ல கேள்வி. சாதாரண சாயம் ஒளியை வாங்கிச் சில நானோவினாடிகளில் திருப்பிக் கொடுத்துவிடும். ரத்தச் சீரம், பிளாஸ்டிக் தட்டு எல்லாமே அதே வேகத்தில் கொஞ்சம் ஒளிரும், அதனால் உங்கள் சிக்னல் எது, குப்பை எது என்று பிரிக்க முடியாது. யூரோப்பியம் கீலேட் நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடிகள் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். 340 நானோமீட்டரில் ஒரு மின்னல் கொடுத்து, 400 மைக்ரோவினாடி பொறுத்து, பிறகு 615 அருகே அளந்தால் குப்பை ஒளி எல்லாம் அதற்குள் அணைந்திருக்கும். இந்தத் தாமதம்தான் மொத்த உத்தியும்.

ஆனால் யூரோப்பியம் தனியாக ஒளியை வாங்குவதில் மிக மோசம். அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கரிம மூலக்கூறு ஆன்டெனா போல ஒளியை வாங்கி உள்ளே கடத்த வேண்டும். அப்புறம் தண்ணீர். நீர் மூலக்கூறு யூரோப்பியத்தில் நேரடியாக ஒட்டினால், அதன் ஓ-எச் பிணைப்பு அந்த ஆற்றலை அதிர்வாக உறிஞ்சி ஒளியைக் கொன்றுவிடும். நல்ல கீலேட்டர் உலோகத்தை இறுக்கிப் பிடிப்பதோடு தண்ணீரையும் வெளியே நிறுத்தும்.

கெங்கேரி: ரெசின் வெள்ளையாகிவிட்டது, என்ன செய்வது?

முதல் பதில்.

ஹெப்பால்: நிக்கல்-என்டிஏ (என்டிஏ என்பது நிக்கலைப் பிடிக்கும் கீலேட்டர்) ஒட்டிய சாயம் வாங்கி, உயிருள்ள செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஹிஸ்-டேக் புரதத்தைக் குறியிடலாமா? ஆன்டிபாடிச் செலவு மிச்சம்.

ஒற்றை என்டிஏ என்றால் வேண்டாம். கழுவும்போது சாயம் போய்விடும்.

அவரே: ரெசினில் எவ்வளவு கழுவினாலும் புரதம் நிற்கிறதே அக்கா? அங்கேயும் அதே என்டிஏதானே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறைய பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிக்கலுக்கு ஆறு கைகோக்கும் இடங்கள். 1975இல் பொராத் என்ற உயிர்வேதியியலாளரின் குழு உலோகம் ஏற்றிய ரெசினைக் காட்டியபோது பயன்படுத்திய ஐடிஏ என்ற கீலேட்டர் மூன்று இடங்களைப் பிடித்தது, 80களின் பிற்பகுதியில் வந்த என்டிஏ நான்கைப் பிடித்தது, மீதி இரண்டில் ஹிஸ்டிடின்கள் உட்காரும். அந்தப் பிடி ஒன்றுக்கொன்று என்று பார்த்தால் மைக்ரோமோலார் அளவுதான், பலவீனம் (இந்த அளவு சிறிதாகச் சிறிதாகப் பிடி இறுகும்). ரெசின் மணியில் என்டிஏ நெருக்கமாக அடைந்திருப்பதால் ஒன்றிலிருந்து கழன்ற புரதம் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. கரைசலில் திரியும் சாய மூலக்கூறுக்கு அந்தப் பக்கத்து வீடு கிடையாது.

இந்திராநகரிலிருந்து இன்னொருவர் நடுவில்: அக்கா சொல்வது சரி, என்டிஏ சிப்பில் (புரதம் ஒட்டுவதை அளக்கும் தகட்டில்) என் புரதம் மெல்ல மெல்லக் கழன்று அளவீட்டின் அடிக்கோடே சரிந்துவிட்டது.

ஆமாம், அங்கேயும் இதே கதை.

ஹெப்பால்: சாயத்தை அதிகமாக ஊற்றினால்?

அதிகமாக ஊற்றினால் பின்னணி ஏறும். அதோடு உங்கள் செல் வளர்க்கும் மீடியத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது, சீரம் சேர்த்தால் ஆல்புமின் புரதமும் வந்துவிடும், இரண்டுமே நிக்கலைப் பிடிக்கும். நிக்கல் பக்கத்தில் இருந்தாலே பல சாயங்களின் ஒளியும் குறையும். உலோகம் யாருக்கும் சொந்தமில்லை தம்பி, குழாயில் யார் இறுக்கிப் பிடிக்கிறார்களோ, யார் அதிக எண்ணிக்கையில் இருக்கிறார்களோ, அங்கே போகும். மூன்று என்டிஏ சேர்த்த ட்ரிஸ்-என்டிஏ நானோமோலார் அளவுக்கு இறுக்கும், 10 ஹிஸ்டிடின் டேக் போட்டாலும் உதவும். அது முடியாது என்றால் ஆன்டிபாடியே வாங்குங்கள், அந்தப் பணம் வீணில்லை.

மல்லேஸ்வரம்: யூரோப்பியம் அசேயில் (அளவீட்டுச் சோதனையில்) சிக்னல் வரவில்லை. மாதிரி ஊதா மூடிக் குழாயில் எடுத்த பிளாஸ்மா.

ஊதா மூடி என்றால் இடிடிஏ. மேலேயே சொன்னேன். டிடிபிஏ வகைக் கீலேட்டர் யூரோப்பியத்தை இடிடிஏவை விட இறுக்கமாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் ரத்தம் எடுத்த அந்த மூடிக் குழாயில் இடிடிஏ மில்லிமோலார் கணக்கில், உங்கள் யூரோப்பியம் நானோமோலார் கணக்கில். லட்சக்கணக்கில் ஆள் திரட்டி வந்தால் வலிமை எடுபடாது. சீரம் அல்லது ஹெப்பாரின் பிளாஸ்மா எடுங்கள்.

கெங்கேரி, மறுபடி: தடுப்பு மாத்திரை பாதி மட்டும் போட்டால் ரெசின் தாங்குமா?

தாங்காது. இடிடிஏ இல்லாததை வாங்குங்கள் என்று சொல்லியாயிற்று.

அல்சூர்: அம்மாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, எம்ஆர்ஐக்குக் கடோலினியம் (இதுவும் கீலேட்டரில் பிடித்த உலோகம்) ஊசி போடச் சொல்கிறார்கள். பயமா?

இது நான் சொல்லும் விஷயம் இல்லை. சிறுநீரக அறிக்கையோடு அவருடைய மருத்துவரையும் ஸ்கேன் எடுக்கும் கதிரியக்க மருத்துவரையும், ஊசிக்கு முன்பே, கேளுங்கள்.

யஷ்வந்த்பூர்: ஆன்டிபாடியில் லுட்டீஷியம்-177 என்ற கதிரியக்க உலோகத்தை ஏற்ற எந்தக் கீலேட்டர், டோட்டாவா, டிடிபிஏவா?

டோட்டா வளைய வடிவம், உலோகம் உள்ளே போக நேரமும் சூடும் கேட்கும், போனால் எளிதில் வெளியே வராது. சின்னப் பெப்டைடு என்றால் 90 டிகிரிக்குச் சூடாக்கலாம், ஆன்டிபாடியை அப்படிச் செய்தால் கெட்டுப்போகும். டிடிபிஏ அறை வெப்பத்திலேயே வாங்கிக்கொள்ளும், ஆனால் உடலுக்குள் நாள்கணக்கில் தாங்குவதில் டோட்டாவே மேல். லுட்டீஷியத்தின் அரை ஆயுள் ஆறரை நாளுக்கு மேல், கழன்றது எலும்பில் போய் உட்காரும். அதனால் டோட்டாவை எடுத்து, 37 டிகிரியில் கூடுதல் நேரம் கொடுங்கள். எல்லாக் கரைசலும் உலோகம் நீக்கியதாக இருக்கட்டும், தூசி இரும்பு கூட இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஜாலஹள்ளி: ஃப்யூரா-2 (கால்சியத்தைக் காட்டும் ஒளிரும் சாயம்) அளவீட்டில் 'கால்சியம் இல்லாத' பஃபரிலும் கால்சியம் காட்டுகிறது.

நம் ஊர் டேங்கர் தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கடினத்தன்மை அதிகம், சுத்திகரிப்பு இயந்திரத்தின் கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலும் கால்சியம் விடும், பிளாஸ்டிக்கில் வையுங்கள். மிச்சக் கால்சியத்தைப் பிடிக்க இஜிடிஏ என்ற கீலேட்டர் சேர்க்கலாம், அது மெக்னீசியத்தை அதிகம் தொடாது. ஆனால் அதன் பிடி பிஎச் கொஞ்சம் மாறினாலே பெரிதாக மாறும், கால்சியத்தைப் பிடிக்கும்போது அதுவே அமிலத்தையும் விடும். எனவே இஜிடிஏ போட்ட பிறகு பிஎச்சைத் திரும்பச் சரிசெய்து, அப்புறம் 340, 380 நானோமீட்டர் இரண்டிலும் அளந்து விகிதத்தைப் பாருங்கள்.