பிடிச்ச வேலைன்னா விளையாட்டா?

கேள்வி: பிடிச்சதையே வேலையா எடுத்துக்கிட்டா வாழ்க்கை பூரா விளையாட்டுதான்னு எங்க மேனேஜர் ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்றார். அப்போ வேலைக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசமே கிடையாதா சார்?

பதில்: இருக்கு. அடுத்த மீட்டிங்ல அவர்கிட்டயே சோதிச்சுப் பாருங்க. "சார், இன்னிக்கு மூடு இல்ல, நான் ஆட்டத்துக்கு வரல"ன்னு சொல்லிட்டு லேப்டாப்பை மூடுங்க, அவர் மூஞ்சி போற போக்குலயே பதில் கெடச்சிடும். வரலன்னு சொல்ல முடிஞ்சாத்தான் அது ஆட்டம்.

கஷ்டமா இருந்தா வேலை, ஜாலியா இருந்தா விளையாட்டுன்னு நாம பிரிச்சு வெச்சிருக்கறது சும்மா. மாரத்தான்ல 42.195 கிலோமீட்டர் ஓடறவங்களை யாராவது கழுத்துல கத்தி வெச்சா ஓடச் சொன்னாங்க? விளையாட்டுங்கறதே கஷ்டத்தை வேணும்னே தேடிப்போய் வாங்கிக்கறதுதான். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான்ல ஃப்ரெட் லார்ஸ்னு ஒருத்தர், முடியலன்னு நடு வழியில கார்ல ஏறிட்டார், நல்ல தூரம் சவாரி, அந்தக் காரும் ரிப்பேர் ஆகி நிக்க, எறங்கி மிச்சத்தை ஓடி முதல் ஆளா உள்ள வந்துட்டார், கைதட்டலும் வாங்கிட்டார், அப்புறம் குட்டு வெளிப்பட்டு தகுதி நீக்கம். இதே மனுஷன் ஒரு அவசர தபாலை கொண்டு போறவரா இருந்து இதையே பண்ணியிருந்தா, சமர்த்துன்னு முதலாளி முதுகுல தட்டியிருப்பார். வேலையில போய்ச் சேர்ந்தா போதும், விளையாட்டுல போற வழிதான் எல்லாம்.

சரி, காசு வாங்கினா வேலை, வாங்கலன்னா விளையாட்டுன்னு வெச்சுக்கலாமா? ஒலிம்பிக்காரங்க ரொம்ப காலம் அப்படித்தான் வெச்சிருந்தாங்க. 1912 ஸ்டாக்ஹோம்ல அஞ்சு போட்டி சேர்ந்த பென்டாத்லான், பத்து போட்டி சேர்ந்த டெகாத்லான் ரெண்டுலயும் தங்கம் ஜெயிச்ச அமெரிக்கர் ஜிம் தோர்ப்கிட்டேர்ந்து அடுத்த வருஷமே ரெண்டையும் பிடுங்கிட்டாங்க, ஏன்னா அதுக்கு முன்னாடி சின்ன லீக்ல பேஸ்பால் ஆடி ஏதோ சொற்ப காசு வாங்கியிருக்கார். அதே கால்தான், அதே ஓட்டம்தான். காசில்லாம ஆட வசதி இருக்கறவங்க போட்ட ரூல்னு நான் சொல்வேன். 1953ல அவர் செத்து 30 வருஷம் கழிச்சுதான் மெடல் அவர் பிள்ளைங்க கைக்கு வந்தது.

அதுக்காக பரிசு ஒண்ணும் பண்ணாதுன்னும் சொல்லிட முடியாது. 1973ல மார்க் லெப்பர்ங்கற உளவியல்காரரும் அவரோட கூட்டாளிங்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கலர் பேனாவை வெச்சு ஆசையா வரையற நர்சரி குழந்தைங்க, அதுல ஒரு கோஷ்டிகிட்ட மட்டும் வரைஞ்சா சர்டிஃபிகேட் தர்றோம்னு முன்னாடியே சொல்லி வரைய வெச்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சு எல்லார் முன்னாடியும் சும்மா பேனாவை வெச்சுப் பார்த்தா, அந்தக் கோஷ்டி மத்தவங்க தொட்டதுல பாதி நேரம்தான் தொட்டுச்சு. இதுல முக்கியமா பார்க்க வேண்டியது என்னன்னா, சொல்லாம கொள்ளாம திடீர்னு சர்டிஃபிகேட் வாங்கின குழந்தைங்களுக்கு ஆசை குறையவே இல்ல. அப்போ கெடுத்தது பரிசு இல்ல, பேரம்.

இதே மாதிரி தலைகீழாவும் நடக்குது. ராத்திரி தூக்கக் கண்ணோட போனை எடுத்து, இன்னிக்கு உள்ள போகலன்னா நாள் தவறாம ஆடிச் சேர்த்த ஸ்ட்ரீக் போயிடும்னு கேம்ல கடனுக்கு நாலு தட்டு தட்டிட்டு படுக்கறோமே, அது என்ன விளையாட்டா? சம்பளம் இல்லாத நைட் ஷிஃப்ட்.

வேலையை மட்டமா பேசறேன்னு நினைக்காதீங்க. வேலையோட மறுமுனையில யாரோ ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க, அதனாலதான் நினைச்சப்போ எழுந்து போக முடியல. எனக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர் தன் தொழிலை ரசிச்சா சந்தோஷம், ஆனா பாதியில போரடிக்குதுன்னு கிளம்பற உரிமை அவருக்கு வேண்டாம்.

உங்க மேனேஜர் சொல்றதுல எனக்கு இருக்கற சந்தேகமெல்லாம் ஒண்ணுதான், விளையாட்டுன்னு சொல்லிட்டா ஓவர்டைம் கேக்க மாட்டீங்க பாருங்க.

நானும் இந்தப் பொறியில மாட்டினவன்தான். குறுக்கெழுத்துன்னா எனக்கு பைத்தியம், மணிக்கணக்கா உக்காந்து கட்டம் போடுவேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு, வாரா வாரம் நீங்களே போட்டுடுங்களேன்னு பத்திரிகையில சொன்னாங்க, வாயெல்லாம் பல்லா ஒத்துக்கிட்டேன். இந்த வாரக் கட்டம் இன்னும் பாதியில நிக்குது, லேஅவுட் தம்பி ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டார்.