கதை என்னுடையது, உரிமை பதிப்பகத்துடையதா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஆசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன், என் சிறுகதைத் தொகுப்பை 500 பிரதி அடித்துத் தரும்படி கொழும்புப் பதிப்பகம் ஒன்றுக்கு வங்கி மூலம் 180,000 ரூபா அனுப்பினேன். ஒப்பந்தம் எழுதவில்லை. பேசியதெல்லாம் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும்தான். வெளியீட்டு விழாவுக்கு 80 பிரதிகள் வந்தன, மிச்சம் வரவில்லை. இப்போது அதை மின்னூலாகவும் விற்கிறார்கள். கேட்டால், "பதிப்புரிமை பதிப்பகத்துக்கு என்று உள்பக்கத்தில் போட்டிருக்கிறதே" என்கிறார்கள். என் கதைகள் கைவிட்டுப் போய்விட்டனவா?

பதில்: இல்லை, போகவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கதையை எழுதியபோதே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டது. எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடங்களும் அது நிற்கும். அதை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், இருதரப்பும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். 16ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். அச்சகத்தில் கோர்த்த ஒரு வரி உங்கள் கையொப்பம் ஆகாது. இன்னொன்று: எழுதிக் கொடுத்திருந்தாலும், வெளிப்படையாகக் குறிப்பிட்ட உரிமை மட்டும்தான் போகும். அச்சுக்குச் சம்மதித்தவர் மின்னூலுக்கும் சம்மதித்தார் என்று அவர்களால் சொல்ல முடியாது.

எனக்குக் கவலை தருவது பணமும் பிரதிகளும்தான். வாய்மொழி ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட மூன்று வருடங்கள்தான் உண்டு, எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு. வாட்ஸ்அப் செய்திகள் இருப்பதால் இதை எழுத்து ஒப்பந்தம் என்று வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். இரண்டு வருடம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

இந்த வாரமே வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து சேமியுங்கள். ஃபோன் தொலைந்தால் சாட்சியமும் தொலையும். வங்கிச் சிட்டையையும், மின்னூல் விற்பனைப் பக்கத்தைத் திகதியோடு எடுத்த படத்தையும் சேர்த்து, திருகோணமலையிலேயே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அவர் மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் போகட்டும். 420 பிரதிகள் அல்லது அதற்குரிய பணம், மின்னூலை நிறுத்துதல், இதுவரை விற்றதன் கணக்கு: மூன்றையும் கேளுங்கள், 14 நாள் தவணை கொடுங்கள். பதிப்புரிமை வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஒவ்வொரு தவணைக்கும் இங்கிருந்து போய்வருவது பெரிய செலவு. அதனால்தான் கடிதத்தை நன்றாக எழுதச் சொல்கிறேன். இப்படியான தகராறுகள் பல அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

சரி, அடுத்த புத்தகம். விழா மண்டபத்துக்குக் காசு கட்டுமுன் இரண்டு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். எத்தனை பிரதி, எந்தத் திகதிக்குள், யார் வீட்டில் இறக்குவது, அச்சுக்கு மட்டுமா, எத்தனை வருடம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பணத்தில் பாதியைப் பிரதிகளை எண்ணி எடுத்த பிறகு கொடுங்கள். ஐ.எஸ்.பி.என் எனும் நூல் அடையாள இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் உங்கள் பெயரிலேயே எடுக்கலாம். உள்பக்கத்தின் இறுதிப் படியையும் நீங்களே பார்த்துக் கையொப்பமிட்ட பிறகுதான் அச்சுக்கு விடுங்கள்.