கார் வராத மண்பாதை: பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் சைக்கிளில் ஒரு வாரம்

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். எனக்கு 52 வயது, மனைவிக்கு 48. போன வருடம் இருவரும் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கான சைக்கிள்) வாங்கினோம். வாரக் கடைசியில் பக்கத்திலுள்ள 'ஊர்க்' (Ourcq) கால்வாய் ஓரமாக 30, 40 கிலோமீட்டர் ஓட்டுவதோடு சரி. ஜூனில் ஒரு வாரம் லீவு கிடைக்கிறது. பக்கத்தில் கார் உரசிக்கொண்டு போனாலே மனைவிக்குக் கை நடுங்கும். கார் இல்லாத, தார் போடாத, பெரிய ஏற்றமும் இல்லாத பாதை எங்கே இருக்கிறது? டயர், ரயில், தண்ணீர் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: ஊர்க் கால்வாயில் பழகியவர் என்றால் பாதி வேலை முடிந்தது. (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்!) ஆனால் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். கார் வராத பாதை வேறு, கிராவல் பாதை வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

பிரான்ஸில் மோட்டார் வண்டி நுழையக் கூடாத பாதைக்கு 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை, என்று பெயர். நீலச் சதுரப் பலகையில் நடப்பவர், சைக்கிள் படங்கள் இருக்கும். 2004-இல் சாலை விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். கார் பயம் இல்லை, சரி. ஆனால் அதில் பெரும்பகுதி வழவழவென்று தார் போட்டது. பர்கண்டியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை போகும் பாதைதான் நாட்டிலேயே முதல் பசுமைப் பாதை, 1997-இல் திறந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அருமையான பாதை. ஆனால் தார். உங்கள் டயருக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொரு பக்கம், உண்மையான வெள்ளை மண்பாதைகள் இருக்கின்றன. 2024 டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் த்ருவா நகரைச் சுற்றி 14 துண்டுகளாக 32 கிலோமீட்டர் மண்ணில் ஓடியதே, அந்த மாதிரி. அவை விவசாயப் பாதைகள். டிராக்டர் வரும், சரளை உருளும், ஏற்றத்தில் பின்சக்கரம் சும்மா சுற்றும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

நீங்கள் கேட்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பழைய கால்வாய்க் கரையையும் பழைய ரயில் தடத்தையும் தேடுங்கள். படகைக் கயிறு கட்டி இழுத்த குதிரைக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. நீராவி எஞ்சினுக்கும் ஆகாது. அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையைக் குடைந்தோ சுற்றியோ தடத்தைச் சமமாகக் கொண்டுபோனார்கள். குதிரையும் எஞ்சினும் போய்விட்டன, சமதளம் மிச்சம்.

உங்களுக்கு என் தேர்வு பிரான்ஸின் வடமேற்கு மூலையான பிரித்தானியில் (Bretagne) உள்ள நான்த்–பிரெஸ்ட் கால்வாய். மொத்தம் 364 கிலோமீட்டர். ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை மறித்து நின்றதால், கடலைத் தொடாமல் உள்நாட்டு வழியாகச் சரக்கு கொண்டுபோக நெப்போலியன் காலத்தில் தொடங்கிய வேலை. முடிந்தது 1842-இல். அதற்குள் சண்டையே முடிந்துவிட்டது! குதிரை நடந்த கரை இப்போது பெரும்பாலும் 'ஸ்டாபிலிசே'. நொறுக்கிய கல்லையும் மணலையும் தண்ணீர் விட்டு உருளையால் இறுக்கியது. சக்கரத்துக்கு அடியில் மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்கும்.

முழுவதும் போக வேண்டாம். கரே என்ற ஊரிலிருந்து ரெதோன் வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டர், ஐந்து நாளுக்குச் சரியாக இருக்கும். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கேன்காம் வரை டிஜிவி என்ற அதிவேக ரயில், அங்கிருந்து கரேவுக்குக் குட்டி ரயில். திரும்பும்போது ரெதோனிலிருந்து பாரிஸுக்கு நேர் ரயில் உண்டு.

முதல் நாளே க்ளோமெல் பக்கம் 'பன்யார்' (கைதிகள்) பள்ளத்தைப் பார்த்துவிடுங்கள். 1820-களில் கைதிகளைக் கொண்டு கையால் வெட்டிய மூன்று கிலோமீட்டர் நீள வெட்டு. சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் ஆழம். இரு பக்கமும் மரம் மூடிய கரை, நடுவே அசையாத பச்சைத் தண்ணீர். மண்வெட்டியால் தோண்டியதை நினைத்தால் பேச்சு தானாக நின்றுவிடும்.

அப்புறம் குவாரெக், போன்-ரெப்போ மடாலயம், கெர்லெதான் ஏரி. 1930-இல் கட்டி முடித்த அணை கால்வாயின் 17 மதகுகளை (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை) மூழ்கடித்துவிட்டது. 2015-இல் ஏரியை வடித்தபோது அந்தப் பழைய மதகுகள் சேற்றோடு வெளியே தெரிந்தன. அங்கே கால்வாய்க் கரை இல்லை. ஏரிக்கு வடக்கே போகும் பழைய ரயில் தடத்தைப் பிடிக்க வேண்டும். மூர்-தெ-பிரெத்தாஞ் ஊரை ஒட்டிச் சற்று ஏற்ற இறக்கம் உண்டு, சின்னச் சாலைகளைக் குறுக்கே கடக்கவும் வேண்டியிருக்கும். டூர் பந்தயம் ஏறும் அந்தப் பிரபலமான மேடு பக்கத்தில்தான். ஆசைப்பட்டு அதில் ஏறிவிடாதீர்கள்.

போந்திவிக்கும் ரோஆனுக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட படகு மதகுகள் வரிசையாக வரும். பாதை மாடிப்படி மாதிரி. கொஞ்ச தூரம் சமம், மதகுக்குப் பக்கத்தில் பத்து இருபது மீட்டருக்கு ஒரு சிறு தூக்கல், மறுபடி சமம். உச்சியைத் தாண்டியதும் இதே மாதிரி இறக்கம். தூக்கலுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டால் முழங்கால் வலிக்காது. பல மதகுகளில் மதகுக் காவலர் வீடு ஒன்று இருக்கும், சிலவற்றில் காப்பிக் கடை. மூன்றாம் நாள் இரவு ஜோஸ்லனில் தங்குங்கள். கோட்டையின் மூன்று வட்டக் கோபுரங்கள் நேரே தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும். மாலை வெயிலில் எதிர்க்கரையிலிருந்து பார்க்க வேண்டும். மறுநாள் மாலெத்ருவா, கடைசி நாள் ரெதோன்.

மழை உறுதியாக வராது என்று பிரித்தானியில் யாரும் எழுதித் தர மாட்டார்கள். அது பிடிக்காது என்றால் தெற்கே ஆர்தெஷ் பகுதியில் 'டோல்ச்சே வியா' இருக்கிறது. 1968-இல் நிறுத்திய மீட்டர் கேஜ் ரயிலின் தடம், 90 கிலோமீட்டர், பெரும்பாலும் இறுக்கிய மண். எரியூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பீச் தோட்டமும் கஸ்தான் (செஸ்ட்நட்) மரமுமாகப் போகும். கீழே ரோன் நதியிலிருந்து மேலே சேன்த்-அக்ரேவ் வரை விடாமல் ஏறுகிற பாதை இது. சாய்வு மெல்லியதுதான், ஆனால் முடிவே வராதது போல இருக்கும். புத்திசாலிகள் சைக்கிள் ஏற்றும் டாக்ஸியை முன்பே பேசி மேலே போய், இறங்கிக்கொண்டே வருவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெற்கில் எல்லாரும் சொல்லும் 'மிதி' (Midi) கால்வாயை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 240 கிலோமீட்டர், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, அழகில் குறையில்லை. துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் தார். அதற்குப் பிறகு பல இடங்களில் ஒற்றையடிப் பாதை, குறுக்கே பிளேன் மர வேர்கள். த்ரெப் ஊருக்குப் பக்கத்தில் நிழலில் மறைந்த ஒரு வேரில் முன்சக்கரம் ஏறி, நான் கால்வாய்ப் பக்கமே சாய்ந்தேன். தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் புல்லில் விழுந்தது என் அதிர்ஷ்டம். 2006 முதல் பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டதால் சில பகுதிகளில் நிழலும் இல்லை. ஜூன் வெயிலில் அங்கே வேண்டாம்.

டயர் அகலம் 40 மில்லிமீட்டர் போதும், 45 இருந்தால் கைக்கு இதம். ட்யூப் போட்ட டயரில் 70 கிலோ ஆளுக்கு இரண்டரையிலிருந்து மூன்று பார் காற்று வையுங்கள். கல்லு மாதிரி அடித்தால் மண்ணில் குதிக்கும், ரொம்பக் குறைத்தால் வேரில் மோதி ட்யூப் கடிபடும். ஸ்டாபிலிசே மழையில் நனைந்தால் மாவுக் கரைசல் ஆகி, காய்ந்ததும் சங்கிலியில் சிமென்ட் போலப் பிடித்துக்கொள்ளும். அதனால் மட்கார்டு அவசியம், சின்ன பிரஷும் ஒரு துணியும் கூட. ரயில் தடங்களில் சுரங்கம் வரும், முன்விளக்கை மறக்க வேண்டாம். பாதை நுழைவில் கார் வராமலிருக்க வளைத்து வைத்த இரும்புத் தடுப்பு இருக்கும். பக்கவாட்டுப் பை அதில் மாட்டி இழுக்கும், இறங்கித் தள்ளுவதே மேல்.

டிஜிவியில் சைக்கிளுக்கு முன்பதிவு இடம் எல்லா வண்டியிலும் கிடையாது. கிடைக்காவிட்டால் முன்சக்கரம் பின்சக்கரம் கழற்றி 130-க்கு 90 சென்டிமீட்டர் உறைக்குள் போட்டால் லக்கேஜாக ஏற்றலாம். வீட்டில் ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள், பிளாட்பாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டாம். வட்டார ரயிலில் பொதுவாகச் சும்மா ஏற்றலாம். கோடையில் சில தடங்களுக்கு முன்பதிவு கேட்பார்கள்.

இடையில் நீங்களே ஒரு சுற்றுவழி சேர்த்தால், செயலி 'கிராவல்' என்று காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். பிரெஞ்சு அரசின் வரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் வான்படத்தில் அந்தப் பாதையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறம் தார். நடுவில் புல் ஓடும் இரண்டு வெளிர் கோடுகள் உங்கள் பாதை. வரைபடத்தில் 'D' எண் போட்ட சாலை என்றால் கார் வரும், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை. கிராமத்தில் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை கடை அடைப்பு, திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை. ஞாயிறு காலையிலேயே இரண்டு வேளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு இங்குள்ள சைக்கிள்காரர்கள் எல்லாரும் போகும் இடம் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். உங்கள் மனைவி முதலில் முகம் சுளிக்கலாம், என் அம்மாவும் சுளித்தார். வெயில் ஏறிய பிறகு அவரே முதல் ஆளாகப் பாட்டிலை நீட்டினார். குழாய் மேல் 'நோன் போத்தாபிள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள், தலையை நனைத்துக்கொள்ளலாம்.