கால்சியம் அலுமினேட் சிமென்ட்: முதல் நாள் தண்ணீர் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வழக்கமான போர்ட்லண்ட் சிமென்ட்டைவிட இதற்கு ஈரம் காப்பதில் ஏன் இவ்வளவு அவசரம்?

பதில்: போர்ட்லண்ட் 28 நாள் நிதானமாக வலுவேறும். இது இறுகியபின் 24 மணி நேரத்திலேயே வலிமையின் பெரும்பகுதியை எட்டிவிடும். வெப்பத்திலும் பெரும்பகுதி அதற்குள் வெளியேறிவிடுகிறது. தண்ணீர் அதிகம் வேண்டிய அதே நேரத்தில் சூடு அதை ஆவியாக்கிவிடுகிறது.

கேள்வி: நீர்-சிமென்ட் விகிதம் 0.4 வைக்கிறேன். கொஞ்சம் ஆவியானால் என்ன?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்கியக் கனிமமான மோனோகால்சியம் அலுமினேட் 158 கிராம் எடுத்தால், குளிரில் உருவாகும் படிகத்துக்கு 180 கிராம் தண்ணீர் வேண்டும், அதாவது விகிதம் 1.14. சூட்டில் உருவாகும் நிலையான படிகத்துக்கு 72 கிராம், விகிதம் சுமார் 0.46. ஆக 0.4-இல் உபரி என்று எதுவுமே இல்லை. ஆவியாகும் ஒவ்வொரு சொட்டும் நீரேற்றத்தின், அதாவது சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவதன், பங்கிலிருந்துதான் போகிறது. அதற்காக விகிதத்தைக் கூட்டிவிடாதீர்கள், துளைகள் பெருகிவிடும். இருப்பதைக் காப்பதே வழி.

கேள்வி: காய்ந்த காங்கிரீட்டில் படிக மாற்றம் நடக்காதாமே? அப்படியானால் காய்வது நல்லதுதானே?

பதில்: பாதி உண்மை. குளிரில் வந்த படிகம் கரைந்துதான் நிலையான படிகமாக மாறும், அதற்கு ஈரம் வேண்டும். காய்ந்தால் மாற்றம் மந்தமாகும். ஆனால் பின்னால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் மறுபடி தொடங்கும், வலிமையும் அப்போது இறங்கும். அதனால் மாற்றத்துக்குப் பிந்தைய வலிமையை வைத்தே வடிவமைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: மாற்றத்தின்போது படிகத்திலிருந்து தண்ணீர் விடுபடுகிறது. மிச்சமிருக்கும் சிமென்ட் அதைக் குடித்துத் துளைகளைக் கொஞ்சம் அடைக்கும். இந்தச் சிமென்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். குறைந்த விகிதம் இங்கே கைகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மேற்பரப்பு மாவாக உதிர்கிறது. இப்போது தண்ணீர் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: முழுதாகச் சரியாகாது. மிச்சமிருக்கும் துகள்கள் கொஞ்சம் வேலை செய்யும், அவ்வளவுதான். உதிர்வதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்தளத்தை நனைத்து மறுபூச்சு போடுங்கள். அடுத்த முறை, விரல் பதியாத அளவு இறுகியதுமே ஈரச்சாக்கு போர்த்துங்கள், குறைந்தது 24 மணி நேரம். அதற்கு முன்னால் தண்ணீர் தெளித்தால் சிமென்ட் கழுவிக்கொண்டு போய்விடும். மெல்லிய பூச்சுகளில் இன்னும் கவனம் வேண்டும், மேலே காற்றும் கீழே உலர்ந்த தளமும் சேர்ந்து உறிஞ்சும்.

கேள்வி: உலைக்குள் ஊற்றும் காஸ்டபிளை (வெப்பம் தாங்கும் காங்கிரீட்டை) எப்படியும் சுடத்தானே போகிறோம், சீக்கிரம் காயவிட்டால் என்ன?

பதில்: முதல் நாள் ஈரம் இங்கேயும் வேண்டும். அப்புறம் மெதுவாகச் சூடேற்றுங்கள். சுமார் 200 முதல் 300 டிகிரிக்குள் படிகங்களில் கட்டுண்ட நீரும் வெளியேறும். அவசரப்பட்டால் நீராவி வெளியேற வழியில்லாமல் உள்பூச்சு வெடித்துவிடும்.