மருந்தும் நஞ்சும் ஒரே கருவியில்

கேள்வி: செயற்கை நுண்ணறிவின் நன்மைகளைப் பாராட்டுவோரும் அதன் ஆபத்துகளைச் சொல்லி எச்சரிப்போரும் பெருகிவிட்டனர். இரண்டையும் சீர்தூக்கினால், அதை வளர்ப்பது நல்லதா, நிறுத்திவைப்பது நல்லதா?

பதில்: நன்மை ஒரு தட்டு, தீமை மறு தட்டு என்று பிரித்து வைக்க முடிந்தால் விடை எளிது. ஆனால் இங்கே இரண்டும் ஒரே திறனிலிருந்து பிறக்கின்றன. புதிய மருந்துகளைத் தேட உதவும் ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடங்களில் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணிக்க, 2022-இல் அவை அனைத்தும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. அந்த மென்பொருளை உருவாக்கியதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர்.

அதே 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட கட்டுரை என்னை மிகவும் கலங்க வைத்தது. புதிய மருந்து மூலக்கூறுகளைத் தேடித் தரும் தங்கள் மென்பொருளிடம், நச்சுத்தன்மையை விலக்குவதற்கு மாறாக அதையே நாடும்படி அவர்கள் சோதனையாகக் கட்டளையிட்டபோது, அது 6 மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகளை முன்வைத்தது, வி.எக்ஸ். என்னும் கொடிய நரம்பு நஞ்சும் அவற்றுள் இருந்தது. கணினி தரும் வாய்பாட்டிலிருந்து நஞ்சைத் தயாரிப்பது வேறொரு கடினமான வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும், நோய் தீர்க்கும் திறனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிய வழியில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஆகவே, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள முடியுமா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன். ஊடுகதிர்ப் படத்தைக் கணினி தவறாகப் படித்தாலும் மருத்துவர் மறுபடி பார்க்கலாம். கடன் விண்ணப்பத்தை அது நிராகரித்தால், காரணம் கேட்கவும் முறையிடவும் விண்ணப்பித்தவருக்கு உரிமை இருக்க வேண்டும். மனிதர் குறுக்கிட நேரமில்லாத வேகத்தில் தாக்கும் ஆயுதத்திலோ பிழைக்குப் பரிகாரமே இல்லை. அங்கே எந்த நன்மையையும் ஈடாகக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், பெரும்பாலும் பயன்பாட்டின் ஆபத்தைப் பொறுத்தே சிலவற்றைத் தடை செய்கிறது, சிலவற்றைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது.

கேள்வி: மிகத் திறன்வாய்ந்த செயற்கை நுண்ணறிவை உருவாக்குவதை ஆறு மாதம் நிறுத்திவைக்கும்படி அறிஞர்கள் கேட்டார்களே, ஏன் நடக்கவில்லை?

பதில்: 2023 மார்ச்சில் வெளியான அந்தத் திறந்த மடலில் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டும் போட்டி நிற்கவில்லை. மரபணுக்களை ஒட்டவைக்கும் ஆய்வுகளில் சிலவற்றை 1974-இல் அறிவியலாளர்கள் தாமாகவே நிறுத்திவைத்து, 1975-இல் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, பாதுகாப்பு நெறிகளை வகுத்துக்கொண்டு தொடர்ந்த முன்னுதாரணம் உண்டு. அன்று அந்தத் திறன் சில ஆய்வுக்கூடங்களிலேயே இருந்தது. இன்று இத்துறையின் முன்னணியில் இருப்பவை, ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் நிறுவனங்கள். தாமாக நிற்கும்படி அவற்றிடம் வேண்டுவதைவிட, புதிய மருந்தைப் போலவே, வெளிவருமுன் சார்பற்ற சோதனைக்கு அவற்றின் படைப்புகளை உட்படுத்தும் அதிகாரத்தை அரசுகள் சட்டத்தின் வழியே பெறுவதுதான் நடக்கக்கூடியது.